அணித்தலைவர் டொனி அடம்ஸ் குடியை விட்ட கதை

(தோட்டக் கமிட்டி அங்கத்தவர்களுக்கும் இளைஞர்களுக்குமான சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



குடியைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். தோட்டத்தில் இதைப் பற்றிப் பேசாத ஆள் கிடையாது. திருவிழா மேடையில் பேசுகிறார்கள். தொண்டு நிறுவனத்தார் படம் போட்டுக் காட்டுகிறார்கள். துரைமாரும் பேசுகிறார்கள். சம்பளம் போதவில்லை என்று நாம் கேட்டால், குடிக்கிற காசை மிச்சம் பிடித்தால் போதும் என்று பதில் வருகிறது. இந்தப் பேச்சில் பாதி நம்மீது உள்ள அக்கறை. மீதிப் பாதி நம்மை மட்டம் தட்டுவது. கேட்டுக் கேட்டு நமக்கும் காது புளித்துவிட்டது.

அதனால் இன்று நான் தோட்டத்து ஆள் யாரையும் உதாரணம் காட்டப் போவதில்லை. லண்டனில் நல்ல சம்பளம் வாங்கி, வீடு வாகனம் எல்லாம் வைத்திருந்து, நாடே பெயர் தெரிந்து வைத்திருந்த ஓர் உதைபந்தாட்ட வீரரின் கதையைச் சொல்லப் போகிறேன். பின்வரிசையில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு தம்பிமார் நிற்கிறார்கள். அந்தச் சட்டைக்குரிய ஆர்சனல் கழகத்தின் பழைய அணித்தலைவர் டொனி அடம்ஸ்தான் அவர். அவர் ஆடிய காலத்தில் இந்தத் தம்பிமார் பிறந்திருக்கவும் மாட்டார்கள்.

அடம்ஸ் 1966இல் லண்டனுக்குக் கிழக்கே ரொம்ஃபோர்டில் பிறந்தார். வளர்ந்தது டகன்ஹமில். ஃபோர்ட் கார்த் தொழிற்சாலை இருந்த ஊர், தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த ஊர். பாடசாலைப் பையனாக இருக்கும்போதே ஆர்சனல் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1983 நவம்பரில், 17 வயதில், பெரிய அணியில் முதல் ஆட்டம். 1988 ஜனவரி 1ஆம் திகதி, 21 வயதில் அணித்தலைவர். 2002இல் ஓய்வு பெறும் வரை தலைவர் அவர்தான். வேறு கழகத்துக்குப் போகவேயில்லை. ஒரே தோட்டத்தில் பேர் பதிந்து, அங்கேயே வேலை செய்து, சேமலாப நிதி எடுக்கிற நம் பெரியவர்களைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோல் அடிக்கிற ஆள் அல்ல அவர். பின்னால் நின்று காக்கிற ஆள். பின்வரிசை நான்கு பேரும் கயிறு பிடித்தது போல ஒரே கோட்டில் முன்னேறுவார்கள். எதிரணிக்காரன் அந்தக் கோட்டுக்குப் பின்னால் மாட்டியதும் அடம்ஸின் கை மேலே போகும், ஓஃப்சைட்! 1989 மே 26ஆம் திகதி லிவர்பூலின் சொந்த மைதானத்தில் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் சம்பியன் பட்டம் என்ற நிலை. கடைசி நிமிடத்தில் இரண்டாவது கோல் விழுந்து 2-0 என்று வென்றார்கள். அந்த அணிக்கும் தலைவர் இவரே. அப்போது அவருக்கு 22 வயது.

இவ்வளவும் நடந்த காலத்தில் அவர் குடித்துக்கொண்டும் இருந்தார். சும்மா ஒரு போத்தல், இரண்டு போத்தல் அல்ல. அந்த அணியில் செவ்வாய்க்கிழமைக் குடி என்று ஒரு வழக்கமே இருந்தது. செவ்வாய் அன்று கடும் பயிற்சி, புதன் விடுமுறை. ஆகவே செவ்வாய் மத்தியானம் குளித்து உடை மாற்றியவுடன் கூட்டமாகக் குடிக்கப் போவார்கள். நமக்கு இது புரியாத விசயமா? கவ்வாத்து மலையில் கணக்கை முடித்துவிட்டு மத்தியானமே ஆம்பிளைகள் இறங்கிவிடுகிறார்கள். பொம்பளைகள் நாலரை மணி வரை கொழுந்து மலையில் நிற்கிறார்கள். இடையில் இருக்கிற அந்த மூன்று மணித்தியாலம் எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். உடம்பு முறிய வேலை, பிறகு வெறும் பொழுது, கூடவே கூட்டாளிமார். லண்டனிலும் குடிக்கு இந்த மூன்றும்தான் வழி விட்டன.

அடம்ஸைச் சுற்றி இருந்தவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர் வேலையைச் சரியாகச் செய்தார். குடித்த மறுநாள், உடுப்புக்கு உள்ளே குப்பை போடுகிற கறுப்புப் பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டு ஓடி, வியர்வை வழிய வழியப் பயிற்சி செய்ததை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். போதை தெளியாமல் ஆட்டத்தில் இறங்கியதையும் மறைக்கவில்லை. 1993இல் குடிபோதையில் படிக்கட்டில் உருண்டு விழுந்து நெற்றியில் 29 தையல் போட்டார்கள். அதே வருடம் ஏப்ரலில் எஃப்.ஏ. கிண்ண அரையிறுதியில், பரம எதிரியான டொட்டன்ஹாம் அணிக்கு எதிராக அதே தலையால் முட்டித்தான் வெற்றிக் கோலை அடித்தார். மைதானமே ஆர்ப்பரித்தது. அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டு, ‘தம்பி, உனக்கு நோய் இருக்கிறது’ என்று யார் சொல்வது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் லயத்திலும் இந்தப் பேச்சு இருக்கிறது. ‘அவன் குடிப்பான்தான், ஆனால் பெரட்டுக்கு ஒரு நாள் பிந்த மாட்டான்.’ ‘குடித்தாலும் அவனைப் போலக் கவ்வாத்து வெட்ட ஆள் இல்லை.’ வேலைக்கு வருகிறான் என்பதாலேயே அவனுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். கங்காணிக்கும் அது போதும், துரைக்கும் அது போதும். வேலை வாங்குகிறவனுக்குத் தேவைப்படுவது அன்றைய நாளின் வேலை மட்டும்தான். ஈரல் கெட்டால் கெடுவது நம்முடையது. குடிநோய் முதலில் பிடிப்பது வேலையை அல்ல. வீட்டைப் பிடிக்கும், நித்திரையைப் பிடிக்கும், பிள்ளைகளின் முகத்தில் தெரியும். செக்ரோலில் தெரிவது கடைசியில்தான். அது தெரிகிற நேரத்தில் பாதி ஆள் போயிருப்பான்.

1990 மே 6ஆம் திகதி அடம்ஸ் நிறையக் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, ஒரு வீட்டுச் சுவரில் மோதினார். சட்டம் அனுமதிக்கிற அளவைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு மதுசாரம் உடம்பில் இருந்தது. யாரும் சாகாதது தெய்வச் செயல். டிசம்பரில் நீதிமன்றம் நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. நத்தாரையும் புதுவருடத்தையும் செம்ஸ்போர்ட் சிறையில் கழித்தார். பாதித் தண்டனையோடு 1991 பெப்ரவரியில் வெளியே வந்தார். அந்தப் பருவத்தில் ஆர்சனல் ஆடிய 38 லீக் ஆட்டங்களில் தோற்றது ஒன்றே ஒன்றில், பெப்ரவரி 2ஆம் திகதி செல்சி அணியிடம். அன்று தலைவர் சிறைக்குள் இருந்தார். திரும்பி வந்தார், சம்பியன் கிண்ணத்தைத் தூக்கினார்.

சிறைக்குப் போனது நியாயம்தான். குடித்துவிட்டு வாகனம் ஓட்டுகிறவனுக்கு நான் பரிந்து பேச மாட்டேன். நான் சொல்ல வருவது வேறு. நாட்டில் உள்ள பத்திரிகை எல்லாம் படத்தோடு போட்டது, சிறைக்கதவு சாத்தியது, இதைவிடப் பெரிய அவமானம் ஒரு மனிதனுக்கு வருமா? ஆனாலும் அவர் குடியை விடவில்லை. வெளியே வந்து இன்னும் ஐந்தரை வருடம் குடித்தார். திட்டினால், நாலு பேருக்கு முன் தலைகுனிய வைத்தால், பேர் போடாமல் திருப்பி அனுப்பினால் திருந்திவிடுவான் என்று நினைக்கிறவர்கள் இந்த ஐந்தரை வருடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வெட்கப்பட்ட குடிகாரன் குடியை நிறுத்த மாட்டான். மறைந்து குடிப்பான்.

1994 நவம்பரில் அதே அணியின் இன்னொரு நட்சத்திரம், போல் மேர்சன், தான் மதுவுக்கும் சூதுக்கும் கொக்கெயினுக்கும் அடிமை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆறு வாரம் சிகிச்சைக்குப் போய் வந்தார். அடம்ஸ் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். பார்த்த பின்பும் கிட்டத்தட்ட இரண்டு வருடம் குடித்தார். நம்மைவிட மோசமான ஒருவன் கண்ணெதிரே இருக்கும் வரை, நாம் குடிப்பது கணக்கில் வராது அல்லவா? தவறணையில் ஆளுக்கு ஆள் அப்படித்தான் பக்கத்து வாங்கைக் காட்டுவார்கள்.

1996இல் ஐரோப்பியக் கிண்ணப் போட்டி இங்கிலாந்திலேயே நடந்தது. அடம்ஸ் அப்போது இங்கிலாந்து அணிக்குத் தலைமை தாங்கினார். ஜூன் 26ஆம் திகதி வெம்ப்ளியில் அரையிறுதியில் ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்றார்கள். போட்டி முடியும் வரை அடக்கி வைத்திருந்த குடி அதற்குப் பிறகு அணை உடைந்த மாதிரி வந்தது. ஏழு வாரம் குடித்தார். ஓகஸ்ட் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கடைசிக் கிளாஸை வைத்தார். அன்று பெரிய ஞானம் எதுவும் வந்துவிடவில்லை. இனிமேல் முடியாது என்று உடம்பும் மனமும் சேர்ந்து கைவிட்ட நிலை அது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். செப்டெம்பர் 14ஆம் திகதி, பயிற்சி மைதானத்தில் சக வீரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தான் குடிக்கு அடிமை என்று சொன்னார். யாருடைய தலைவரோ அவர்களிடமே சொன்னார். இவர் போட்ட சத்தத்துக்கு நடுங்கியவர்கள், இவரோடு சேர்ந்து குடித்தவர்கள், எல்லோரும் அங்கே இருந்தார்கள். அன்றே செய்தி நாட்டுக்கும் தெரிந்துவிட்டது.

தோட்டத் தலைவர்மாரே, உங்களைக் கேட்கிறேன். நாளைக்கு ஒரு தோட்டத் தலைவர் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து இப்படிச் சொன்னால் என்ன நடக்கும்? ‘பதவியை விடு’ என்பார்களா, சிரிப்பார்களா, அடுத்த நாள் பெரட்டுக் களத்தில் நையாண்டி பண்ணுவார்களா? ஆர்சனலில் அவருடைய தலைமையைப் பறிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் புதிய முகாமையாளராக ஆர்சென் வெங்கர் என்ற பிரான்ஸ்காரர் வந்தார். அவர் வீரர்களின் சாப்பாட்டையும் பழக்கங்களையும் மாற்றினார். அடம்ஸின் தலைமையில் கை வைக்கவில்லை. 1997 கடைசியில் கணுக்கால் வலியால் அடம்ஸ் சோர்ந்துபோனபோது, பருவத்தின் நடுவிலேயே ஓய்வு கொடுத்து, உடம்பைத் தேற்றிக்கொள்ளப் பிரான்சுக்கு அனுப்பினார். திரும்பி வந்தவர் 1998 மே 3ஆம் திகதி எவர்ட்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசியில், பின்வரிசையில் இருந்து தனியாக ஓடிவந்து இடது காலால் ஒரு கோல் அடித்தார். 4-0. அன்று லீக் பட்டம் உறுதியானது. இரண்டு வாரத்தில் எஃப்.ஏ. கிண்ணமும் வந்தது. கையை விரித்துக்கொண்டு அவர் நின்ற அந்த நிலையைத்தான் 2011இல் புதிய மைதானத்துக்கு வெளியே சிலையாக வைத்திருக்கிறார்கள்.

குடியை விட்ட பிறகு பொழுதை என்ன செய்வது? இது சின்னக் கேள்வி அல்ல. குடிக்கிறவனுக்குக் குடி என்பது நேரம் போக்கும் வழியும்தான். அதை எடுத்துவிட்டால் மாலை ஐந்து மணி மலை மாதிரி எதிரே நிற்கும். அடம்ஸ் பியானோ பழகினார், பிரெஞ்சு மொழி படித்தார், நாடகம் பார்க்கப் போனார், பின்பு பல்கலைக்கழகத்திலும் சேர்ந்து படித்தார். நமக்குப் பியானோ இல்லை. ஆனால் பூட்டிக் கிடக்கிற வாசகசாலையும் புல் மண்டின மைதானமும் எத்தனை தோட்டத்தில் இருக்கின்றன? இந்த வருடக் கோரிக்கைப் பட்டியலில் மைதானத்தையும் சேர்க்க வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டபோது சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அவர் தனியாகவும் நிற்கவில்லை. மதுவை விட்டவர்கள் ஒன்றுகூடிப் பேசுகிற அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ் கூட்டங்களுக்குப் போனார். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய இயக்கம் அது, இலங்கையிலும் இருக்கிறது. அங்கே முழுப்பெயர் கேட்க மாட்டார்கள், காசும் கேட்க மாட்டார்கள். குடித்தவன் குடித்தவனிடம் பேசுவான், அவ்வளவுதான்.

இனித் தொழிற்சங்கத்துக்கு வருகிறேன். உதைபந்தாட்ட வீரர்களுக்கும் சங்கம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இங்கிலாந்து வீரர்கள் 1907இல் மென்செஸ்டரில் கூடிச் சங்கம் அமைத்தார்கள். ஒரு காலத்தில் எவ்வளவு பெரிய வீரனானாலும் வாரத்துக்கு 20 பவுணுக்கு மேல் சம்பளம் கொடுக்கக்கூடாது என்று முதலாளிமார் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். வேலைநிறுத்தம் செய்வோம் என்று சங்கம் எழுந்து நின்ற பிறகுதான், 1961இல், அந்தக் கட்டுப்பாடு ஒழிந்தது. அடம்ஸ் 2000ஆம் ஆண்டு, குடிக்கும் சூதுக்கும் அடிமையான விளையாட்டு வீரர்களுக்காக ‘ஸ்போர்ட்டிங் சான்ஸ்’ என்ற சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். அதற்குக் கைகொடுத்துப் பணம் தந்தவர்களில் இந்த வீரர் சங்கமும் ஒன்று. சம்பளத்துக்காகப் போராடிய சங்கம் அங்கத்தவனின் நோய்க்கும் நின்றது. அதையும் சங்க வேலை என்றே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

எல்லோரும் மீளவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. அடம்ஸைவிடப் பல மடங்கு திறமைசாலி என்று பேசப்படும் ஜோர்ஜ் பெஸ்ட்டுக்கு 2002இல் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தார்கள். பிறகும் குடித்தார். 2005இல் 59 வயதில் இறந்துபோனார். காசு இருந்தது, பெரிய வைத்தியசாலை இருந்தது, நாடே நேசித்தது. நோயின் பலம் அவ்வளவு. ஜிம்மி கிறீவ்ஸ் என்ற இன்னொருவர் 1978இல் விட்டார், 2021இல் இறக்கும் வரை தொடவில்லை.

நம் தோட்டங்களில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பல வருடம் தினமும் கடுமையாகக் குடித்த ஒருவரை, ‘இன்றோடு நிறுத்து, கோயிலில் சத்தியம் பண்ணு’ என்று வீட்டில் அடைத்துவைக்காதீர்கள். உடம்பு குடிக்குப் பழகியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாததைக் கண்டு பயப்படுவது எல்லாம் வரலாம். சில வேளை உயிரே போகும். அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக வேண்டும். மருந்து கொடுத்துச் சில நாட்களில் அந்தக் கட்டத்தைத் தாண்ட வைப்பார்கள். அரசாங்கப் பெரிய வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே காசு இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926. கொழும்பில் சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர நிலையம் இந்த வேலையைச் செய்கிறது. மனநலப் பிரிவு என்றால் பைத்தியம் என்று பெயர் கட்டிவிடுவார்களோ என்று பயப்படுகிறார்கள். அந்தப் பேச்சை லயத்துக் கோடியில் வைத்தே நிறுத்த வேண்டியது நாம்தான்.

அப்படி ஒருவர் சிகிச்சைக்குப் போய்ப் பத்து நாள் வேலைக்கு வராவிட்டால், அது வேறெந்த நோய்க்கும் வைத்தியசாலையில் படுத்தது போலத்தான். வைத்தியத் துண்டு வாங்கி வரட்டும். அவர் பேரை வெட்டாமல் பார்ப்பது தோட்டத் தலைவரின் பொறுப்பு. திரும்பி வந்த முதல் சம்பள நாளில் அவரைத் தவறணைப் பக்கம் இழுக்காமல் இருப்பது கூட்டாளிமாரின் பொறுப்பு. வெங்கர் செய்ததும் சக வீரர்கள் செய்ததும் இதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை.

அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும் ஒரு வார்த்தை. புருசன் எழும்ப முடியாமல் கிடக்கும்போது, ‘அவருக்குக் காய்ச்சல் ஐயா’ என்று கங்காணியிடம் சொல்லிச் சமாளிக்கிறீர்கள். அந்த நாள் சம்பளம் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது, அதனால் சொல்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அடம்ஸுக்காக ஒரு கழகமே அந்தப் பொய்யைச் சொன்னது. ஆனால் மாதர் தலைவியிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். குடியை நோய் என்று சொன்னேன். அடிப்பது நோயல்ல, குற்றம். குடித்திருந்தான் என்பது அதற்குச் சாக்கு ஆகாது. பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மகளிர் பணியகம் இருக்கிறது. தனியாகப் போகப் பயமாக இருந்தால் சங்கத்துப் பிரதிநிதி கூட வருவார்.

கூட்டம் முடிந்ததும் தேநீர் கொடுப்பார்கள். நான் இருட்டும் வரை வாசகசாலையில்தான் இருப்பேன். தனக்காகவோ தன் வீட்டு ஆளுக்காகவோ பேச நினைக்கிறவர்கள் வரலாம். வெளிக்கதவால் வரக் கூச்சமாக இருந்தால், பிள்ளைப் பராமரிப்பு நிலையப் பக்கமாக உள்ள சின்னக் கதவு திறந்திருக்கும்.